உதைக்காத துப்பாக்கி

செப்டம்பர் 12, 2016, திங்கள்

முட்டை பதினொன்று. வெண்டைக்காய் கடைசிப் பறிப்பு. ஊறுகாய் ஏழு பாட்டில்.

மூன்று மணிக்குக் கார்லண்ட் வந்து நின்றான். டல்சா நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு மகன் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறான் என்றால் ஒன்று சாவு, இல்லை சண்டை. இது சண்டை. நெல்டாவுக்கு நடந்ததை யாரோ போனில் சொல்லிவிட்டார்கள்.

நெல்டா பக்கத்துப் பண்ணை. பக்கம் என்றால் முக்கால் மைல். போன வியாழன் பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து, வண்டி சூடாகிவிட்டது, தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தாள். நானும் திறந்திருப்பேன். சமையலறை நாற்காலியில் அவளைக் கட்டிப்போட்டுவிட்டு, வலி மாத்திரை, டி.வி., செத்துப்போன புருஷனின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். தபால்காரர் வரும்வரை நான்கு மணி நேரம் அப்படியே இருந்தாளாம். எழுபத்தெட்டு வயது.

"அம்மா, வீட்ட வித்துட்டு எங்களோட வந்துடு."

"என் கோழிக்கு டல்சாவுல யாரு கதவு திறந்துவிடுவா?"

"கோழியப் பத்திப் பேசாத. அப்பா போயி ஒன்றரை வருஷம் ஆச்சு. இங்க நீ கத்தினா யாருக்குக் கேட்கும்?"

அவன் சொன்னது உண்மை. அதனால் கோபம் வந்தது. ஒரு மணி நேரம் இழுத்துப் பறித்து, கடைசியில் அவன் ஒரு நிபந்தனைக்கு வந்தான்: தனியாக இருக்க வேண்டுமென்றால் எனக்குத் துப்பாக்கி சுட வருகிறது என்று காட்ட வேண்டும். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அவனும் அவன் பெண்டாட்டி ஷெரிலும் வருவார்கள். அன்றைக்கு ஏழு கஜ தூரத்தில் ஒரு காகிதத் தட்டு. நான் ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் தட்டில் விழ வேண்டும்.

"விழலைன்னா மூட்டை கட்டு."

"விழுந்தா?"

"விழுந்தா இந்த வீட்டப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்."

கை குலுக்கிக்கொண்டோம், மாடு விற்கிறவர்கள் மாதிரி. பெற்ற பிள்ளையோடு!

செப்டம்பர் 17, சனி

டவுனில் துப்பாக்கிக் கடை. கார்லண்டே கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவன் என் முகத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் உள்ளேயிருந்து எடுத்து வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற ரிவால்வர். பிடி ஈஸ்டர் முட்டை மாதிரி ஊதா.

"பெண்களுக்குன்னே செஞ்சது, அம்மா. கைப்பையில போட்டா கனமே தெரியாது."

"இது உதைக்குமா தம்பி?"

"சின்னதுதானே! சின்னது என்ன உதைச்சிடப் போகுது?"

கார்லண்ட் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி, கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 19, திங்கள்

ஓடைக்கரை மண்மேட்டில் தட்டைக் குத்திவைத்துச் சுட்டேன்.

சுட்டது 5. தட்டில் 0.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் கிழிந்துவிட்டது. முதல் முறை சுட்டபோது கதவுக்கு நடுவில் கை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. இரண்டாவதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன் என்று கர்த்தருக்குத் தெரியும், இங்கேயும் எழுதிவைக்கிறேன். உறைந்த பட்டாணிப் பையைக் கையில் கட்டிக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். இதற்குத்தான் 'பெண்களுக்கென்றே செய்தது' என்று பெயர்.

செப்டம்பர் 20, செவ்வாய்

கை வீக்கம். வேலை ஓடவில்லை. உட்கார்ந்து என் புருஷன் எல்வினை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய துப்பாக்கி இப்படி இல்லையே. 1978-லிருந்து 1986 வரை, மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அதே மண்மேட்டுக்குப் போவோம். கார்லண்ட் ஓடையில் நண்டு பிடித்துக்கொண்டிருப்பான். எல்வின் காலி காபி டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிட்டு, பெரிய இரும்பு ரிவால்வரை என் கையில் கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் நிற்பார். தொட மாட்டார். மற்ற ஆண்கள் மாதிரிப் பெண்டாட்டியின் தோளைப் பிடித்து ஆட்டிவைக்க மாட்டார். நான் சுடுவேன். டப்பா விழும். அது கையில் ஒரு குலுக்கு, அவ்வளவுதான், தூங்குகிற பூனையைத் தூக்கினால் நெளியுமே அப்படி.

"பாத்தியா கண்ணு, உன் கைக்கு அடங்கிப்போச்சு."

எவ்வளவு பெருமையாக இருக்கும் எனக்கு! எட்டாம் வகுப்போடு நின்றவள், வண்டி ஓட்டவும் கணக்கு எழுதவும் நானே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆனால் இது கற்காமலே வந்தது என்று நினைத்தேன். சபையில் மற்றப் பெண்கள், "ஐயோ, அந்தச் சத்தமும் உதையும், ஒரு தடவைக்கு மேல முடியல" என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பேன். அது அகந்தைதான். அப்போதே தெரியும்.

எண்பத்தாறு மார்ச்சில் அவருடைய தாயார் படுக்கையில் விழுந்தார்கள். ஞாயிறு மதியங்கள் போயின. அதற்குப் பிறகு அவர் மட்டும் போவார். நான் தொடவே இல்லை.

அந்தத் துப்பாக்கி பெட்டியில்தான் இருக்கிறது. நான் ஏன் ஊதாப் பிடியோடு மல்லுக்கட்டுகிறேன்?

செப்டம்பர் 24, சனி

எல்வினின் ரிவால்வர். கார்லண்ட் வாங்கிக் கொடுத்த அதே கடைத் தோட்டா.

சுட்டது 10. தட்டில் 1.

உதைத்தது. ஊதாப் பிடி அளவுக்கு இல்லை, ஆனால் உதைத்தது. கை மேலே எகிறிற்று. ஆறாவதில் அழுதேவிட்டேன். வலியால் இல்லை. முப்பது வருஷமாக ஒன்றை நினைத்துக்கொண்டு இருந்தேனே, அது பொய்யா? பூனை மாதிரி இருந்ததே. நான்தான் கிழவியாகிவிட்டேனா? இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நானே தேன் தடவித் தடவி வைத்துக்கொண்டேனா? அப்படியென்றால் இன்னும் என்னவெல்லாம் அப்படி?

செப்டம்பர் 25, ஞாயிறு

ஆராதனையில் கை தட்ட முடியவில்லை.

அக்டோபர் 1, சனி

போன ஞாயிறு சபையில் ட்வைலா என் கைக்கட்டைப் பார்த்துவிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் மண் அணை கட்டிப் பெண்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல், மெதுவாகப் பேச வராது. இன்று இரண்டு துப்பாக்கியையும் அங்கே கொண்டுபோனேன், ஊதாப் பிடியை எடுத்துப் பார்த்தாள்.

"யாரு அக்கா இத வாங்கிக் கொடுத்தது, உனக்கு ஆகாதவங்களா?"

"என் மகன்."

"அதேதான்! என்கிட்ட வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் கையில இதான் இருக்கு. புருஷன் வாங்கினது, மகன் வாங்கினது, மருமகன் வாங்கினது. ஒருத்தனும் சுட்டுப் பாத்து வாங்கினதில்ல."

எல்வினின் ரிவால்வரைக் கையில் வாங்கினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளையில் தோட்டா போட்டுக் கொடுத்தாள். சுட்டேன். வெடித்தது. மறுபடி விசையை இழுத்தேன், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. மருந்து இல்லாத வெறும் தோட்டாக் கூடு போட்டிருக்கிறாள்! வெடிக்கவே இல்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துக் குத்திவிட்டு நின்றது. அங்கே இருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

"பாத்தியா? துப்பாக்கி உன்ன உதைக்கிறதுக்கு முன்னாடியே நீ அத உதைக்கிற. கை பயந்துபோச்சு. பயந்த கைய நான் திட்டி என்ன பண்ண? உதைக்காததக் கொடுத்தாத்தான் பயம் போகும்."

அக்டோபர் 4, செவ்வாய்

சோள ரொட்டி சுடும்போது புரிந்தது. வார்ப்பிரும்பு வாணலியில் மாவைக் கிளறினால் வாணலி அசையாமல் உட்கார்ந்திருக்கும். லேசான அலுமினியச் சட்டி கரண்டியோடு சேர்ந்து அடுப்பெல்லாம் சுற்றும். துப்பாக்கியும் அப்படித்தானே? உதையை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லையென்றால் அதைக் கைதான் வாங்க வேண்டும். ஐம்பது வருஷம் சமைத்தவளுக்குக் கடையில் நிற்கும்போது இது தோன்றவில்லை.

ஆனால் எல்வினுடையதும் கனம்தானே. அது ஏன் உதைத்தது?

அக்டோபர் 8, சனி

ட்வைலாவிடம் வாணலிக் கதையைச் சொன்னேன். "அக்கா, அடுத்த வாரத்திலேருந்து நீயே வகுப்பு எடு" என்றாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். கனமான துப்பாக்கிதான், அன்றைக்கு உதைக்கவில்லை, இன்றைக்கு உதைக்கிறது, ஏன்?

தோட்டாப் பெட்டியை மூடிவைத்தாள். முதல் தடவையாக மெதுவான குரலில் கேட்டாள்.

"எல்வின் அண்ணன் தோட்டா கடையிலயா வாங்குவாரு, இல்ல தானே வெடிமருந்து அடைப்பாரா?"

"தானே. கொட்டகையில மேசை, நெம்புகோல், தராசு எல்லாம் உண்டு. அவர் போன பிறகு நான் திறக்கல."

"குறிப்பு எழுதிவைப்பாரா?"

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் எழுதிவைப்போம்."

"போய்த் திறந்து பாரு, அக்கா."

அக்டோபர் 10, திங்கள்

கொட்டகை திறந்தேன். குளவிக்கூடு இரண்டு. மேசைமேல் அவருடைய கண்ணாடி, மடக்கிவைத்தபடி.

நோட்டுப் புத்தகம் கிடைத்தது. இன்று எழுத முடியாது.

அக்டோபர் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் தெளியும்.

அவருடைய கையெழுத்து, எல்லாம் கொட்டை எழுத்து. தேதி, யாருக்கு, எவ்வளவு வெடிமருந்து, குறிப்பு. 'யாருக்கு' என்ற இடத்தில் இரண்டே பேர். 'நான்', 'ஒ.' ஒலீட்டா என்ற என் பெயருக்கு ஒ. எனக்கென்று தனியாக அடைத்திருக்கிறார்! அவருடைய அளவில் முக்கால்கூட இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. துப்பாக்கி ஒன்றுதான், அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

எழுபத்தெட்டு மே: "ஒ. முகம் சுளித்தாள். இன்னும் குறை."

அடுத்த வாரம்: "ஒ. கண் மூடுகிறாள். குறை."

ஜூன் நான்காம் ஞாயிறு: "ஒ. சிரித்தாள். இதுவே போதும். மாற்றாதே."

எட்டு வருஷம் மாற்றவில்லை.

அப்போது கற்காமலே வந்தது என்று நான் நினைத்தது அவர் அளந்து போட்டது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம். ஏன் சொல்லலை? நான் என்ன குழந்தையா? சபைப் பெண்கள் முன்னால் நான் உள்ளுக்குள் சிரித்ததெல்லாம்! அவர்கள் சுட்டது அவரவர் புருஷன் போட்ட முழு மருந்து. பிறகு அந்த 'சிரித்தாள்' என்ற வார்த்தையை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நினைவு பொய் இல்லை. பூனை மாதிரித்தான் இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அதோடு மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கணக்குப் பார்க்கிறவள், கடைசிப் பக்கம் வரை போனேன்.

எண்பத்தாறு மார்ச்சோடு 'ஒ.' நின்றுவிட்டது. சரி, நான் நிறுத்திவிட்டேனே. பிறகு பதினேழு வருஷம் வெறும் 'நான்', 'நான்', 'நான்'. இரண்டாயிரத்து மூன்று அக்டோபரில் திடீரென்று மறுபடி 'ஒ.' நான் அந்த வருஷம் துப்பாக்கியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு 'நான்' என்பதே இல்லை. கடைசிவரை 'ஒ.'தான். அந்த முதல் வரிக்கு நேரே ஒரு குறிப்பு: "கை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவருடைய கை நடுக்கம். கடைசி இரண்டு வருஷம்தான் எனக்குத் தெரியும், வயது என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் மறைத்திருக்கிறார். தனக்கு அடைத்த தோட்டாவுக்கு என் பெயரை எழுதி — யாராவது நோட்டைப் பார்த்தால்கூடப் பெண்டாட்டிக்கு என்று இருக்கட்டும் என்று. அடக் கடவுளே, எல்வின்.

இன்னொன்று இப்போது உறைக்கிறது. அவர் ஓடைக்கரையில் சுடும் சத்தத்தை நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். ஓர் இலையுதிர்காலம் சத்தம் அடங்கிப்போயிற்று. மருந்து குறைந்ததால் என்று தெரியாமல், எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். டவுனில் காது டாக்டரிடம்கூடப் போனேன்! அவர்தான் வண்டி ஓட்டினார். வெளியே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காதுல ஒண்ணும் கோளாறு இல்லையாம்" என்று வந்து சொன்னேன். "நல்லவேளை" என்றார். திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், கேட்காமலே. ஐஸ்கிரீம் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அக்டோபர் 12, புதன்

மேசைக்கு அடியில் ஒரு பெட்டி. மூடியில் 'ஒ.' உள்ளே தோட்டா 43.

ஒரு யோசனை வந்தது. நன்றி நாளன்று ஐந்து போதுமே.

அக்டோபர் 13, வியாழன்

இன்னும் அதே யோசனை. ஜெபத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பெட்டிதான் வருகிறது. கார்லண்டுக்கு என்ன தெரியப்போகிறது? தட்டில் ஐந்து துளை, அவ்வளவுதானே அவன் கேட்டது? வீடு நிற்கும். கோழிகள் நிற்கும். கொட்டகையில் மேசைமேல் கண்ணாடி நிற்கும்.

அக்டோபர் 15, சனி

பெட்டியை ட்வைலாவிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்தாள், ஒன்றையும் தொடாமல் மூடினாள்.

"அக்கா, அடுத்தவங்க கையால அடைச்சத என் இடத்துல சுட விடமாட்டேன், அது அண்ணனே ஆனாலும். ஒண்ணுல மருந்து கூடிப்போயிருந்தா கூப்பிட்டுக் கேக்க ஆள் இல்ல. கை நடுங்குற வருஷத்துல அடைச்சது வேற."

"நாப்பத்தி மூணுதான் இருக்கு ட்வைலா. அஞ்சு மட்டும்..."

"அஞ்சு சுட்டு மகன ஜெயிச்சிடுவ. அப்புறம் அந்த ரெண்டு பேரு உன் கதவத் தட்டுனா? முப்பத்தி எட்டு வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, எண்ணிக்கிட்டு இருப்பியா?"

கோபமாக வந்தது. ஆனால் நான் சோதிக்கப்பட வேண்டியது கார்லண்ட் கண்ணுக்கு முன்னால் மட்டும் இல்லை என்று புரிந்தது. நாற்காலியில் நான்கு மணி நேரம் இருந்தவள் நெல்டா. தட்டு அங்கே இல்லை.

பிறகு ட்வைலா ஒரு பெட்டி எடுத்து வைத்தாள். கடைத் தோட்டாதான். முனை கூராக இல்லாமல் சப்பையாக இருந்தது. குறி பழகுகிறவர்களுக்கென்று மருந்து குறைத்துச் செய்வார்களாம். காலம் காலமாக இருக்கிறதாம்!

"கடைக்காரன் ஏன் சொல்லல?"

"பாதுகாப்புக்குன்னு கேட்டா இருக்கிறதுலயே சூடானத, மருந்து அதிகமானதத்தான் எடுத்துக் கொடுப்பான். உன் கையப் பத்தி அவனுக்கு என்ன?"

எல்வினின் ரிவால்வரில் அதைப் போட்டுச் சுட்டேன். பூனை! அதே பூனை. எனக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு கண்ணீர். ட்வைலா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காதுமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுட்டது 10. தட்டில் 6. முதல் மூன்று, பிறகு ஆறு ஏழு எட்டு.

அக்டோபர் 22, சனி

சுட்டது 20. தட்டில் 12. கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதல் மூன்றும் எப்போதும் தட்டில். நான்காவதும் ஐந்தாவதும் வெளியே. உதை இல்லை இப்போது. விசைதான் காரணம். கனமான விசை, நீளமாக இழுக்க வேண்டும், என் விரல் மூட்டு மூன்றோடு களைத்துவிடுகிறது.

ட்வைலா என் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத நான் வாயால சொல்லியிருந்தா நீ நம்பியிருக்க மாட்ட" என்றாள். இரண்டு வேறு துப்பாக்கிகளைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று, மேல்பாதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பிஸ்டல். எனக்கு இழுக்கவே வரவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காத மாதிரி, முகமெல்லாம் சிவந்ததுதான் மிச்சம். இன்னொன்றும் அதே வகைதான், ஆனால் மேல்பாதி லேசாக வந்தது. தோட்டா கொஞ்சம் குட்டை. நடுத்தர அளவு, கனம் உண்டு, கறுப்பு, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. விசை சுருக்கமாக இழுபட்டது.

"எது உன்னோடதுன்னு எப்படித் தெரியும் தெரியுமா? அஞ்சாவதும் முதல் மாதிரியே போகணும். போனா அதான்."

அக்டோபர் 29, சனி

அழகில்லாதது. சுட்டது 20. தட்டில் 17. ஐந்தாவது நான்கில் மூன்று முறை உள்ளே.

எல்வினுடையதும் சுட்டேன், நியாயத்துக்கு. 10, தட்டில் 6.

அக்டோபர் 30, ஞாயிறு

இராப்போஜன ஞாயிறு. அப்பத்தை வாங்க நீட்டிய அதே கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதன்மேல் குறிபார்க்கப் பழகுகிற கை. கர்த்தரே, அந்த நாள் வராமலிருக்கட்டும். வந்தால் நான் கண்ணை மூடாமலிருக்கட்டும்.

நவம்பர் 1, செவ்வாய்

எல்வின் ரிவால்வரை விட்டுவிட்டு வேறொன்றை வாங்குவது துரோகம் மாதிரி இருந்தது. இரண்டு நாள் மேசைமேல் அவர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தெளிந்தது. அவர் எனக்குக் கொடுத்தது அந்தத் துப்பாக்கியை இல்லையே. கைக்குத் தகுந்ததைத் தேடிக் கொடுத்தார். முகம் சுளித்தாள், குறை. கண் மூடுகிறாள், குறை. அவர் இருந்திருந்தால் என் விரலைப் பார்த்துவிட்டு இதையேதான் சொல்லியிருப்பார்.

ஊதாப் பிடியைக் கொடுத்து அழகில்லாததை வாங்கினேன். கடைக்காரன், "இது உங்களுக்குக் கனமா இருக்குமே அம்மா" என்றான். "எனக்குக் கனம்தான் தம்பி வேணும்" என்றேன்.

நவம்பர் 12, சனி

சுட்டது 25. தட்டில் 24.

நவம்பர் 19, சனி

25. 25. ட்வைலா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். இடுப்பு வலிக்கிறது.

நவம்பர் 24, வியாழன் — நன்றி நாள்

வான்கோழி பதினான்கு பவுண்டு. பெக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பை இரண்டு. ஷெரில் கொண்டுவந்த பச்சை பீன்ஸ் வேகவே இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கர்த்தர் மன்னிப்பாராக.

சாப்பிட்டு, ஷெரில் பாத்திரம் கழுவட்டும் என்று நானும் கார்லண்டும் மண்மேட்டுக்குப் போனோம். தட்டை அவனே குத்தினான், அவனே ஏழு கஜம் அளந்தான். பெரிய பெரிய எட்டாக வைத்தான், திருடன். சுட்டேன்.

ஐந்து. ஐந்தும் தட்டில், ஒரு சாஸரால் மூடலாம்.

தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "அடேங்கப்பா" என்றான். முகத்தில் சந்தோஷமே இல்லை. தோற்றவன் முகமும் இல்லை அது. பயந்தவன் முகம்.

"அப்பா துப்பாக்கி எங்க, நானும் ஒரு தடவ சுடுறேன்" என்றான். கொடுத்தேன். அவன் பாக்கெட்டில் அந்தச் சூடான தோட்டா இருந்தது, அதையே போட்டான். தூக்கினான். அப்போதுதான் பார்த்தேன். குழல் முனை தட்டைச் சுற்றி ஈ மாதிரிச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தான், நிற்கவில்லை. சுட்டான். மண் தெறித்தது. மறுபடி. மறுபடி. ஆறும் மண்.

"குளிருது" என்றான்.

குளிரே இல்லை.

எனக்கு இரண்டு வழி இருந்தது. என் சட்டைப்பையில் சப்பை முனைத் தோட்டா இருந்தது. அவனுக்குத் தெரியாமல் அதைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒன்றிரண்டாவது தட்டில் விழுந்திருக்கும், முகம் மலர்ந்திருப்பான். எல்வின் அதைத்தான் செய்திருப்பார். நான் எல்வினோடு ஐம்பது வருஷம் வாழ்ந்தவள். காது டாக்டரிடம் போனவள். என்னால் முடியவில்லை.

"எப்பத்திலேருந்துடா?"

"எது?"

"கை."

வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தான். ஓடையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு வருஷமா. ஷெரிலுக்குத் தெரியாது. ஆபீஸ்ல கையெழுத்து எல்லாம் கதவச் சாத்திக்கிட்டுப் போடுறேன்."

"டாக்டர்?"

"போகல. என்னன்னு சொல்லிடுவாங்களேன்னு." பிறகு: "இன்னும் கொஞ்ச நாள்ல இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வரமுடியாமப் போயிடுமோன்னு பயம்மா எனக்கு. நீ இங்க, நான் அங்க. உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி வருவேன்? அதான் வா வான்னு... நெல்டா அத்தை ஒரு சாக்கு."

ஐம்பது வயதாகப் போகிற பிள்ளை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டான், என் உயரத்துக்குக் குனிந்து.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். இரண்டாயிரத்து மூன்று அக்டோபர். விரலால் காட்டினேன். படித்தான். மறுபடி படித்தான்.

"அப்பாவுக்குமா?"

"அப்பாவுக்கும். பன்னிரண்டு வருஷம். கடைசிவரை சுட்டாரு, சாப்பிட்டாரு, வண்டி ஓட்டினாரு. ஒண்ணும் ஆகல. தனியா இருந்தாருங்கிறதுதான்டா ஆச்சு. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இங்கேயே இருந்தேன்."

அவன் அழுதான். நானும். பிறகு அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெழவன்! என்னை மட்டும் கை ஸ்திரமா வையி, ஸ்திரமா வையின்னு திட்டுவாரு" என்றான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஷெரில் ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டாள். "என்ன, யாரு ஜெயிச்சா?"

கார்லண்ட் நோட்டை மூடினான். "உக்காரு ஷெரில். ஒண்ணு சொல்லணும்" என்றான்.

நான் பெக்கன் பை எடுத்துவர உள்ளே போனேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.

நவம்பர் 25, வெள்ளி

முட்டை எட்டு. குளிர் தொடங்கிவிட்டது. வீட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கே நிச்சயமில்லை. அவனுக்கு நான் பக்கத்தில் வேண்டுமென்றால்? ஜெயித்தவள் கையில் இப்படி ஒரு கேள்வி.

டிசம்பர் 16, வெள்ளி

ஷெரில் போன் செய்தாள். டாக்டரிடம் போய்வந்தார்களாம். குடும்பத்தில் வருகிற நடுக்கம்தானாம், பயப்படுகிற மாதிரி வியாதி இல்லையாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். கூடலாம், குறையலாம், வண்டி ஓட்டலாம். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஜனவரி 14, 2017, சனி

கார்லண்ட் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்தான். நெல்டா வீட்டை விற்கிறாளாம், வாங்க ஆள் வந்திருக்கிறார்களாம், சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம். மதியம் பீன்ஸும் சோள ரொட்டியும்.

பிப்ரவரி 20, திங்கள்

முட்டை பதின்மூன்று. வெங்காய நாற்று நான்கு வரிசை நட்டேன். மண் இன்னும் கையில் ஒட்டுகிறது.

மதியம் ஷெரில் கூப்பிட்டாள். டல்சா வீட்டில் எனக்கென்று ஒதுக்கிவைத்திருந்த அறையில் தையல் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாளாம். "தப்பா நினைக்காதீங்க அத்தை, சும்மா பூட்டியே கிடக்குதேன்னு..." என்று இழுத்தாள்.

"மெஷின ஜன்னலோரமாப் போடும்மா" என்றேன். "வடக்குப் பக்கம். வெளிச்சம் நல்லா விழும்."